முகம் தெரியும்... பேர் தெரியாது!

குணச்சித்திர நடிகர்களின் புகழும், அவர்களை விடாமல் துரத்தும் சந்தேகமும்: வெண்ணந்தூர், ராசிபுரம் வட்டாரத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தறிகள் ஓய்ந்த காலை. வெண்ணந்தூரில் ஒரு டீக்கடை. உள்ளே டி.வி.யில் 'இரு வல்லவர்கள்' ஓடுகிறது. விசைத்தறிச் சத்தத்திலேயே எட்டு மணி நேரம் நின்றவர்களுக்குக் காது உடனே திறக்காது. அதனால் வால்யூம் கூடுதலாகத்தான் இருக்கிறது. புருவத்தில் பஞ்சுத் தூசி ஒட்டிய நாலைந்து பேர் கையில் கிளாஸோடு நின்று பார்க்கிறார்கள். திரையில் ஜெய்சங்கரோடு இன்னொருவர் வருகிறார். வாட்டசாட்டமான உருவம், கணீரென்ற குரல்.

"அட, இவரா! எம்.ஜி.ஆர். படத்துலயெல்லாம் வில்லனா வருவாரே..."

"பேரு என்னங்கண்ணா?"

"நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது."

அசோகனா என்றார் ஒருவர். இல்லை, அசோகன் வேறு என்றார் இன்னொருவர். கடைசியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர்தான் சொன்னார்: "ஆர்.எஸ்.மனோகர்ங்க. அந்த 'ஆர்' என்னன்னு நெனைச்சீங்க? நம்ம ராசிபுரம்."

நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ் ஏறினால் டீ ஆறுவதற்குள் வந்துவிடுகிற பக்கத்து ஊர். 200 படங்களுக்கு மேல் நடித்த மனிதர். முகம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பேரும் ஊரும்தான் ஒட்டவில்லை.

தமிழ் சினிமாவில் நாயகனைச் சுற்றி நிற்கும் ஒவ்வொருவரின் கதையும் இதுதான். அப்பாவாக, சித்தப்பாவாக, இன்ஸ்பெக்டராக, வாத்தியாராக, வட்டிக்காரராக, பக்கத்து வீட்டுக்காரராக வருகிறவர்கள். 2024 நவம்பரில் டெல்லி கணேஷ் மறைந்தபோது தமிழ்நாடு தன் வீட்டுப் பெரியவர் ஒருவர் போனதுபோலத் துக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கருக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, இத்தனை காலம் ஏன் ஆயிற்று என்ற கேள்வியும் வாழ்த்தோடு சேர்ந்தே எழுந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் பேசப்படாமல் கிடக்கிறது ஒரு விஷயம். ஊருக்கே தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டு, 'நான் நடிகன்தானா, அடுத்த படம் வருமா' என்று தினமும் தன்னையே கேட்டுக்கொண்டு வாழ்வது எப்படிப்பட்ட வாழ்க்கை?

அசுரர்களுக்கு மேடை கட்டியவர்

ஆர்.எஸ்.மனோகர் பிறந்தது 1925 ஜூன் 29. 2025-ல் நூற்றாண்டு. இயற்பெயர் லட்சுமி நரசிம்மன். நாமக்கல் மலையடியில் நரசிம்மர் குடிகொண்ட மண்ணில் அந்தப் பேருக்குப் பஞ்சமில்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' நாடகத்தில் நடித்ததால் அந்தப் பேரே நிலைத்து மனோகர் ஆனார். 1951-ல் வந்த 'ராஜாம்பாள்' படத்தில் நாயகனாகத்தான் அறிமுகம். நாயகனாக நுழைந்தவரைச் சினிமா சீக்கிரமே வேறு பக்கம் தள்ளியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'வண்ணக்கிளி' (1959) படத்தில் முரட்டுக் கணவனாக வந்து மிரட்டினார். அதே கம்பெனியின் 'கைதி கண்ணாயிரம்', 'வல்லவனுக்கு வல்லவன்', 'இரு வல்லவர்கள்' என்று வரிசையாக வந்தன. எம்.ஜி.ஆர். படங்களில் வில்லன். 'பல்லாண்டு வாழ்க' படத்தில் திருந்தும் கைதிகளில் ஒருவர்.

இதோடு நின்றிருந்தால் அவர் இன்னொரு வில்லன் நடிகர், அவ்வளவே. ஆனால் அவருக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. 1954-ல் நேஷனல் தியேட்டர்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட பாத்திரங்களைப் பாருங்கள்: இலங்கேஸ்வரன், சூரபத்மன், இந்திரஜித், சிசுபாலன், நரகாசுரன், சுக்ராச்சாரியார். எல்லாம் தோற்றவர்கள். புராணத்தில் அடிபட்டு விழுவதற்கென்றே வைக்கப்பட்டவர்கள். அவர்களை நடுமேடையில் நிறுத்தி, அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பேச வைத்தார். 'இலங்கேஸ்வர'னில் ராவணனைச் சீதையின் தகப்பனாகக் காட்டினார். கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். பிறகு கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தவர்களும் அவர்களே. அந்த ஒரு நாடகமே 1800 தடவைக்கு மேல் மேடையேறியது என்று குறிப்புகள் சொல்லும்.

அந்தக் காலத்து மேடையில் அவர் செய்து காட்டிய தந்திரக் காட்சிகளைப் பற்றி ராசிபுரம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். மின்னல் வெட்டும், மேடை நடுவே உருவம் தோன்றி மறையும், கண் மூடித் திறப்பதற்குள் அரண்மனை காடாகும். ஊர் ஊராக லாரியில் செட்டு ஏற்றிக்கொண்டு போய் இதைச் செய்தார்கள்.

சினிமாவில் மனோகர் எந்த வேடம் போடவேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்தார். மேடையில் அதை அவரே முடிவு செய்தார். குணச்சித்திர நடிகனின் மனக்குறைக்கு மருந்து எங்கே இருக்கிறது என்பதற்கு இந்த வட்டாரத்திலிருந்தே கிடைக்கும் சாட்சி இது. பகலில் அடிவாங்கும் வில்லன், மாலையில் அதே அடிவாங்கியவனின் கதையை நாயகனாக நின்று சொல்கிறான். 2006 ஜனவரி 10-ல் மறையும்வரை அவரை 'நாடகக் காவலர்' என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பட்டத்தில் சினிமா வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

----------
பெட்டிச் செய்தி: சேலத்தின் சினிமாக் கோட்டை

மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியவர் டி.ஆர்.சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்து போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து சினிமா எடுத்தவர். முதல் படம் 'சதி அகல்யா' (1937). முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை இந்தக் கம்பெனியின் தயாரிப்புகள். நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். நடிகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்த கம்பெனி அது, கலைஞர் மு.கருணாநிதியும் கண்ணதாசனும் எழுதிய இடம். இன்று ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது.
----------

நாலு நாள் வேலை, ஒரு சீன்

மாதச் சம்பளம் என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பாருங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்தில் சின்ன வேடக்காரருக்கும் முதல் தேதி சம்பளம் உண்டு. கண்டிப்பு அதிகம், சுதந்திரம் குறைவு. ஆனால் அடுத்த மாதம் அரிசி வாங்கப் பணம் இருக்கும் என்ற தைரியம் இருந்தது. கம்பெனிகள் போய், படத்துக்குப் படம் கூலி என்ற முறை வந்தபின் அந்தத் தைரியமும் போனது.

இன்றைக்கு வேலை எப்படி வருகிறது? ஓர் உதவி இயக்குநரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வரும். "சார், ஒரு நல்ல கேரக்டர் இருக்கு, நாலு நாள் வேலை. ரெண்டு போட்டோவும் ஒரு வீடியோவும் அனுப்புங்க." அனுப்பியதும் காத்திருப்பு தொடங்கும். பதில் வந்தால் வேலை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயது பொருந்தவில்லையா, சம்பளம் ஒத்துவரவில்லையா, நடிப்பே பிடிக்கவில்லையா? மூன்றில் எது என்று தெரியாதபோது மனசு எப்போதும் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

வேலை கிடைத்தாலும் சந்தேகம் விடுவதில்லை. நாயகனோடு காட்சி என்றால் முதலில் மாஸ்டர் ஷாட். அப்புறம் நாயகனின் க்ளோசப். நாயகனுக்குக் கால்ஷீட் முடிந்து அவர் கேரவனுக்குப் போனபின், இவருடைய க்ளோசப்புக்கு எதிரே நின்று நாயகனின் வசனத்தைப் படிப்பவர் ஓர் உதவி இயக்குநர். உணர்ச்சியே இல்லாமல் பேப்பரைப் பார்த்து வாசிக்கப்படும் வரிக்கு, பெற்ற மகனே பேசுவதுபோல இவர் கண் கலங்க வேண்டும். கலங்குகிறார்கள். தொழில் திறமை என்றால் இதைத்தான் சொல்லவேண்டும். தியேட்டரில் அந்தக் காட்சிக்கு அழுகிற நமக்கு, அந்த நடிகருக்கு எதிரே யாருமே இல்லை என்பது தெரியாது.

பிறகு டப்பிங். பாக்கிச் சம்பளம் பெரும்பாலும் இங்கேதான் தீர்க்கப்படும் என்பது கோடம்பாக்கத்தின் எழுதப்படாத வழக்கம். பேசி முடித்துவிட்டால் பிடி நழுவிவிடும் என்று நடிகருக்குத் தெரியும். பேச மறுத்தால் 'பிரச்சினை பண்ற ஆள்' என்ற பேர் வந்துவிடும் என்றும் தெரியும். மைக் முன்னால் நிற்கும்போது மனசில் ஓடுவது பாத்திரமா, பாக்கியா? கடைசியில் எடிட்டிங். நாலு நாள் நடித்ததில் ஒரு சீன் மிஞ்சலாம். ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு முதல் நாள் தியேட்டரில் போய் உட்கார்ந்து, தன் காட்சி வராமலே படம் முடிந்ததைப் பார்த்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். அவர்களுக்கு யாரும் போன் செய்து முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு நிமிஷ மரியாதை அது. அதைக்கூடச் செய்வதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட படம்

'வெண்ணிற ஆடை' மூர்த்தி, 'நிழல்கள்' ரவி, 'பசி' நாராயணன், 'பூ' ராமு, 'காதல்' சுகுமார். தமிழ் சினிமா தன் குணச்சித்திர நடிகர்களுக்குச் சூட்டும் பட்டம் அவர்களின் முதல் வெற்றிப் படம். அதிலும் நகைச்சுவை நடிகர் என்றால் 'அல்வா' வாசு, 'போண்டா' மணி, 'ஓமக்குச்சி' நரசிம்மன் என்று தின்பண்டமோ உடம்போ பேரோடு சேர்ந்துவிடும். அன்பில் வைத்த பேர்தான். ஆனாலும் ஒரு மனிதன் இருபது வருஷத்துக்குப் பிறகு நூறு வேடங்கள் போட்டிருந்தாலும், முதலில் கைதட்டு வாங்கிய அந்த ஒரு நாளிலேயே அவனை நிறுத்தி வைக்கிற பேர் அது.

டெல்லி கணேஷின் பேரில் ஒட்டிக்கொண்டது ஊர். 1964 முதல் பத்து வருஷம் விமானப்படை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடிப்பு. சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழு. கே.பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' (1977) படத்தில் அறிமுகம். 'டெல்லி'யைப் பேரில் சேர்த்தவரும் பாலசந்தரே. 'எங்கம்மா மகாராணி' (1981) படத்தில் நாயகனாகவும் நடித்தார். அந்த வாசல் அதோடு மூடிக்கொண்டது. மற்ற 400 படங்களிலும் நாம் அவரைப் பார்த்தது அப்பாவாக, மாமாவாக, குமாஸ்தாவாக. 'நாயகன்' படத்தின் அய்யரையும் 'மைக்கேல் மதன காமராஜன்' பாலக்காட்டு மணி ஐயரையும் 'அவ்வை சண்முகி' சேதுராம ஐயரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே சாதி, ஒரே தோற்றம், மூன்று வேறு மனிதர்கள். முதலாமவரிடம் விசுவாசமும் பயமும். இரண்டாமவரிடம் திருட்டு முழி. மூன்றாமவரிடம் வேலைக்காரனின் வன்மம். 'ஒரே மாதிரி ரோல்' என்று சொல்லிச் சினிமா அவரை அடைத்த பெட்டிக்குள்ளேயே அவர் இத்தனை ஆட்களை வைத்திருந்தார்.

அவருடைய இறுதி நாளில் விமானப்படையினர் வந்து மரியாதை செய்தார்கள். பத்து வருஷம் வேலை பார்த்த இடம் அரை நூற்றாண்டு கழித்தும் தன் ஆளை மறக்கவில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு நிமிஷம்

நடிகனை விடாமல் துரத்தும் இந்தச் சந்தேகத்தை நேரில் பார்க்கவேண்டும் என்றால் சென்னைக்குப் போகவேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் சேலம், நாமக்கல் சமவெளியில் எந்த அம்மன் கோயில் நோன்பிக்கும் போங்கள். அலவாய்மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர்களிலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து கட்டுவார்கள்.

களரிக்குப் பின்னால் பாயை விரித்து ஒப்பனை நடக்கும். கையளவு கண்ணாடி. அரிதாரம் குழைத்து முகத்தில் பூசி, மேலே வண்ணம் தீட்டி, மீசையை மையில் இழுத்து, தோளில் புஜக்கட்டை ஏற்றி, தலையில் கிரீடத்தை இறுக்கிக் கட்டுவார்கள். இறுக்கம் போதாவிட்டால் ஆட்டத்தில் கிரீடம் சாய்ந்துவிடும். அதிகமானால் விடியும்வரை மண்டை வலிக்கும். பிறகு முகவீணையும் மிருதங்கமும் ஏற, இரண்டு பேர் ஒரு வேட்டியையோ சேலையையோ திரையாகப் பிடிப்பார்கள். வேடக்காரர் அதன் பின்னால் நிற்பார். ஜனங்களுக்குச் சலங்கைக் காலும் கிரீட நுனியும் மட்டும் தெரியும். உள்ளே இருந்து பாட்டு எடுப்பார். திரை விலகவேண்டும்.

அந்த ஒரு நிமிஷத்தில் அந்த மனிதனைப் பக்கவாட்டில் நின்று பார்க்கவேண்டும். பகலில் செங்கல் சூளைக்கும் தறிக்கும் போய் வந்த உடம்பு. துரியோதனனாகவோ கர்ணனாகவோ ஆவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை உதட்டை நனைத்துக்கொள்வார். முப்பது வருஷம் ஆடியவர்களும் அதைச் செய்கிறார்கள். குரல் எழும்புமா, அடி பிசகுமா, முன்வரிசைக் கிழவி எழுந்து போய்விடுவாளா? கூத்தில் மறுடேக் கிடையாது. ஆனால் பதிலும் உடனே வந்துவிடும். நன்றாக ஆடினால் களரியிலேயே பத்து ரூபாயோ ஐம்பது ரூபாயோ அன்பளிப்புக் கொடுப்பார்கள்; கொடுத்தவர் பேரைக் கோமாளி உரக்கச் சொல்லுவார். மோசமாக ஆடினால் ஜனம் பாயைச் சுருட்டும். சினிமா நடிகனுக்குக் கிடைக்காத நிம்மதி இதுதான் என்று எனக்குத் தோன்றும். அவன் தன் வேலைக்கான பதிலை ஒரு வருஷம் கழித்து, யாரோ வெட்டி ஒட்டிய வடிவத்தில், தெரியாத தியேட்டரில் போய்த் தேடவேண்டியிருக்கிறது.

இந்த மேற்கத்திப் பாணிக் கூத்தைக் காப்பாற்ற மேட்டூர் வட்டாரத்திலிருந்து மு.ஹரிகிருஷ்ணன் 'மணல்வீடு' இதழ், 'களரி' அமைப்பு இரண்டின் வழியாகவும் செய்துவரும் வேலை பெரிது. கூத்துக் கலைஞர்களை மேடையேற்றி, பேர் சொல்லி விருது கொடுத்து மரியாதை செய்கிறார்கள். அரசு அமைப்புகள் செய்யவேண்டியதை ஒரு சிற்றிதழ்க்காரர் செய்துகொண்டிருக்கிறார்.

கூத்தும் சினிமாவும் முட்டிக்கொண்ட இடம் ஒன்றும் உண்டு. 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் பரியனின் அப்பாவாக வந்த நெல்லை தங்கராசு நிஜத்திலும் பெண் வேடம் கட்டி ஆடிய கலைஞர். கல்லூரி வாசலில் அவரை அவமானப்படுத்தித் துரத்தும் காட்சி தமிழ்நாட்டை உலுக்கியது. படம் பேசப்பட்டது, அவரும் பேசப்பட்டார். ஆனால் அதன்பிறகும் அவர் இருந்தது இடிந்த வீட்டில்தான். செய்தி வெளியானபின் மாவட்ட நிர்வாகம் கைகொடுத்தது. 2023 பிப்ரவரியில் காலமானார். புகழ் என்பது வீட்டுக் கூரைக்கு ஓடு வாங்கித் தராது என்பதை அந்த ஒரு வாழ்க்கை காட்டிவிட்டது.

அம்மா வேடத்துக்கு வேறு கணக்கு

ஆண்களுக்காவது வில்லன், அப்பா, தாத்தா என்று படிப்படியாக வயது ஏறும். பெண்களுக்கு நேற்றுவரை நாயகி, நாளை முதல் அம்மா. 'நாயகன்' (1987) படத்தில் கமலுக்கு ஜோடியாக வந்தவர் சரண்யா. இடையில் நீண்ட இடைவெளி. திரும்பி வந்தபோது நாயகர்களுக்குத் தாய். அதையே ஏற்று, ஒவ்வொரு அம்மாவையும் வேறு வேறு ஆளாக்கி, 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்துக்காகத் துணை நடிகை விருது அல்ல, சிறந்த நடிகைக்கான தேசிய விருதையே வாங்கினார். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த மனோரமாவுக்குத் தேசிய விருது வந்தது 'புதிய பாதை' (1989) படத்துக்கு. அதற்குள் அவர் திரைக்கு வந்து முப்பது வருஷம் கடந்திருந்தது.

----------
பெட்டிச் செய்தி: துணை நடிப்புக்கு விருது வந்த கதை

* ஆஸ்கரில் துணை நடிகர், துணை நடிகை பிரிவுகள் வந்தது 1937 விழாவில். நாயக, நாயகிகளுக்குச் சிலை. துணை நடிகர்களுக்குப் பலகைப் பட்டயம். அவர்களுக்கும் முழுச் சிலை கிடைத்தது 1944 விழாவிலிருந்துதான்.

* இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகள் 1954-ல் தொடங்கின. துணை நடிகர்களுக்கான பிரிவு சேர்ந்தது 1984-ம் ஆண்டுப் படங்களிலிருந்து.

* தமிழ்ப் படங்களுக்காக அந்த விருதைப் பெற்றவர்களில் சிலர்: நாகேஷ் ('நம்மவர்'), பிரகாஷ்ராஜ் ('இருவர்'), தம்பி ராமையா ('மைனா'), அப்புக்குட்டி ('அழகர்சாமியின் குதிரை'), பாபி சிம்ஹா ('ஜிகர்தண்டா'), சமுத்திரக்கனி ('விசாரணை'), விஜய் சேதுபதி ('சூப்பர் டீலக்ஸ்'), எம்.எஸ்.பாஸ்கர் ('பார்க்கிங்').
----------

குரலாக இருந்தவர் முகமான கதை

எம்.எஸ்.பாஸ்கரின் பாதை இந்தத் தொழிலின் பொறுமையைச் சொல்லும். டப்பிங் கலைஞராக வேறு நடிகர்களின் உதட்டுக்குத் தன் குரலைக் கொடுத்துக்கொண்டிருந்தவர். முகம் வெளியே தெரிந்தது 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' தொடரின் பட்டாபியாக. சிரிப்பு நடிகர் என்று முத்திரை விழுந்தது. பிறகு 'மொழி' (2007) வந்தது. மகனை இழந்த துக்கத்தில் 1984-லேயே மனசு நின்றுபோன பேராசிரியர் ஞானப்பிரகாசம். படம் முழுக்க நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு, மகன் இறந்துவிட்டான் என்ற உண்மை உள்ளே இறங்கும் இடத்தில் அவர் அழுத அழுகை, அதுவரை சிரித்ததற்காகப் பார்ப்பவரை வெட்கப்பட வைத்தது. பட்டாபிக்குச் சிரித்தவர்கள் அன்று அவரைப் புதிதாகப் பார்த்தார்கள்.

'மொழி'க்கும் 'பார்க்கிங்'குக்கும் நடுவே பதினாறு வருஷம். 'பார்க்கிங்' படத்தின் இளம்பருதி ஓர் அரசு அதிகாரி. லஞ்சம் வாங்காதவர், கஞ்சர், வறட்டுப் பிடிவாதக்காரர். கார் நிறுத்தும் இடத்துக்காகக் கீழே இறங்கிக்கொண்டே போகும் மனிதர். அந்த வேடத்தில் அவர் நம்முடைய அனுதாபத்தைக் கேட்கவே இல்லை. தன்னை எல்லோருக்கும் பிடிக்கவேண்டும் என்ற ஆசையைத் துறந்தால்தான் அப்படி நடிக்க முடியும். சந்தேகத்தோடு வாழக் கற்றுக்கொண்ட நடிகனால் மட்டுமே முடிகிற காரியம்.

எல்லோருக்கும் இப்படி விருதும் வாய்ப்பும் சேர்ந்து வருவதில்லை. விருது வாங்கியபின் சம்பளம் கூட்டிவிடுவார் என்று பயந்து கூப்பிடாமல் விடுவதும் கோடம்பாக்கத்தில் நடக்கும். 'கடைசி விவசாயி'யில் நடித்த நல்லாண்டி ஐயா படம் வெளிவருமுன்பே போய்ச்சேர்ந்தார். தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பு அவர் பேருக்கு வந்தது. வாங்க அவர் இல்லை.

"இப்ப ஏன் படத்துல காணோம்?"

ஒரு குணச்சித்திர நடிகரை மிகவும் காயப்படுத்தும் கேள்வி இதுதான். அன்போடு கேட்கப்படுவது. கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில் செல்ஃபி எடுத்தபின் கேட்பார்கள். ஆறு மாதம் திரையில் தெரியாவிட்டால் ஊர் அவரை முடிந்துபோனவராக முடிவு கட்டிவிடுகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போவதைப் பார்த்துவிட்டால், 'என்னங்க, நீங்களே பஸ்ஸிலயா?' நடிகன் என்றால் கார் இருக்கும் என்ற நினைப்பு. மகளுக்கு வரன் பார்த்தால் வசதியான இடம் என்று எதிர்பார்க்கிறார்கள்; கடன் கேட்டுப் போனால் மாதச் சம்பளச் சீட்டு இல்லாத ஆள் என்று கையை விரிக்கிறார்கள். புகழ் செலவைக் கூட்டுகிறது, வரவைக் கூட்டுவதில்லை.

உடம்பு படுத்தும்போது இந்தக் கணக்கு வெளியே வருகிறது. சிறுநீரகம் செயலிழந்து படுத்த போண்டா மணிக்கு உதவி கேட்டு வந்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். சிலர் உதவினார்கள். 2023 டிசம்பரில் அவர் போனார். நம்மைச் சிரிக்க வைத்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கும்பிடுவதைப் போனில் பார்த்து அனுதாபப்படுவது நமக்குப் பழகிவிட்டது. பழகியிருக்கக் கூடாது.

தென்னிந்திய நடிகர் சங்கம் 1952-ல் தொடங்கியது. அதன் உறுப்பினர்களில் கணிசமானவர்கள் மாவட்டங்களில் இருக்கும் நாடக நடிகர்கள். 2015 தேர்தலில் இரு அணியும் ஊர் ஊராகப் போய் அவர்களிடம் ஓட்டுக் கேட்டதற்குக் காரணம் அதுதான். அந்தத் தேர்தலில் தலைவரானவர் நாசர். அவரும் நாயகன் அல்ல, குணச்சித்திர நடிகர். செங்கல்பட்டிலிருந்து வந்து, விமானப்படையிலும் நட்சத்திர ஹோட்டலிலும் வேலை பார்த்து, அப்பாவின் ஆசைக்காக நடிப்புக்கு வந்தவர். சங்கத்துக்குத் தலைமை ஏற்க நாயக அந்தஸ்து வேண்டியதில்லை என்று அந்த முடிவு காட்டியது. ஆனால் ஓட்டுக் கேட்டுப் போன ஊர்களுக்கு மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அதே வேகத்தில் போய்ச்சேர வேண்டும். நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக அரசு தரும் உதவி மாதம் 3000 ரூபாய். மாத்திரைக்கே சரியாகிவிடும் தொகை.

செய்யக்கூடியவை

தன்மீதான சந்தேகம் நடிகனுக்குக் கொஞ்சம் தேவைதான். கூத்தாடி திரைக்குப் பின்னால் உதட்டை நனைத்துக்கொள்வது நல்ல ஆட்டத்துக்கு அறிகுறி. அந்தச் சந்தேகத்தை யாரும் எடுத்துவிட முடியாது, எடுக்கவும் வேண்டாம். ஆனால் பாக்கி வருமா, காட்சி இருக்குமா, டைட்டிலில் பேர் வருமா, ஆஸ்பத்திரிச் செலவுக்கு யாரிடம் கையேந்துவது என்ற சந்தேகங்கள் கலையில் பிறந்தவை அல்ல. தொழிலை நடத்தும் விதத்தில் பிறந்தவை. அவற்றை மனிதர்களால் நீக்க முடியும். நாம் இரண்டையும் ஒன்றாகக் கட்டி 'கலைஞன்னா அப்படித்தான்' என்று சொல்லிவிடுகிறோம். அது அநியாயம்.

தயாரிப்பாளர்களே, டப்பிங் தொடங்குமுன் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிடுங்கள். காட்சி வெட்டுப்பட்டால் படம் வெளிவருமுன் ஒரு போன் செய்யுங்கள். படம் முடிந்து ஓடும் பட்டியலில் பாத்திரத்தின் பேருக்கு எதிரே நடிகரின் பேரைப் படிக்கும் அளவில் போடுங்கள்.

நாமக்கல் மாவட்ட நிர்வாகத்துக்கும் ராசிபுரம், வெண்ணந்தூர் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆர்.எஸ்.மனோகரின் நூற்றாண்டை ஒட்டி, அவர் பேரில் ஆண்டுதோறும் ஒரு கூத்து, நாடக விழாவை ராசிபுரத்தில் தொடங்குங்கள். நோட்டீஸில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை பேர்களுக்கு முன்னால், ஆடுகிறவர்களின் பேரும் ஊரும் வரட்டும். கூலியை அன்றைக்கே, விடிந்ததும், கையில் கொடுங்கள்.